பொது வேலையின் சலிப்பான பக்கம்

பொது வேலை ஒன்றைத் தொடங்குவது அப்படியொன்றும் கடினமில்லை. கோபம் இருந்தால் போதும். தெருவிளக்கு எரியவில்லை, பூங்காவில் குப்பை மலிந்துவிட்டது, பள்ளி வாசலில் வண்டிகள் தறிகெட்டு ஓடுகின்றன என்று யாராவது ஒருவர் குரல் எழுப்பினால் முதல் கூட்டத்துக்கு நாற்காலி பற்றாது. ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். ஒரு வாட்ஸ்ஆப் குழு பிறக்கும். அதற்குப் பெயர் வைப்பதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும். தொல்லை இரண்டாம் ஆண்டில்தான் ஆரம்பிக்கிறது. கணக்கு எழுதியவர் வேலை மாற்றலாகிப் போயிருப்பார். சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்க அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளில் எல்லோருக்கும் வேறு வேலை இருக்கும்.

நானும் சில காலம் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்திருக்கிறேன். அங்கே நல்லெண்ணத்துக்குப் பஞ்சம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த மாதமும் வந்து அதே வேலையைச் செய்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். குடிமைப் பொறுப்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ‘மக்கள் திருந்த வேண்டும்’ என்று தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். மக்கள் பேச்சைக் கேட்டுத் திருந்துவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. திருத்தியே ஆக வேண்டிய அளவுக்கு அவர்கள் கெட்டுப்போயிருக்கிறார்கள் என்றும் நான் நினைக்கவில்லை.

மக்கள் மோசம் என்பதற்குச் சாட்சியாக அடிக்கடி இழுக்கப்படும் கதை ஒன்று உண்டு. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் வீட்டருகே கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட போலீசைக் கூப்பிடவில்லை என்று செய்தி வந்தது. உலகமே அதிர்ந்தது. அந்தச் செய்தி பெரிதும் ஊதிப் பெருக்கப்பட்டது என்பது பின்னால்தான் தெரியவந்தது. வெளியிட்ட பத்திரிகையே 2016-ல் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் பாடப்புத்தகங்களில் அது ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்தச் செய்தி தூண்டிவிட்ட ஆராய்ச்சி மட்டும் உருப்படியானது. ஜான் டார்லி, பிப் லாடனே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து இன்டர்காமில் பேசவைத்தார்கள். பேச்சின் நடுவே ஒரு குரலுக்கு வலிப்பு வருகிறது. உண்மையில் அது பதிவுசெய்த ஒலிதான். அந்தக் குரலைத் தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவி கேட்டு எழுந்து ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் அப்படி ஓடியவர்கள் 31 சதவீதம்தான். பல பேர் அடித்தால் பாம்பு சாகாது என்பார்களே, அந்தக் கதைதான்.

இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒரு விவரம் இருக்கிறது. எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இல்லை. ஆராய்ச்சியாளர் அறைக்குள் நுழைந்ததும் ‘அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்றுதான் பலர் கேட்டார்கள். சிலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எழலாமா வேண்டாமா, வேறு யாராவது ஏற்கெனவே போயிருப்பார்களோ என்ற குழப்பத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அக்கறை இருந்தது. வேலை யாருடையது என்று தெரியவில்லை.

இதற்கு நேரெதிராகத் தோன்றும் ஆய்வு 2019-ல் வந்தது. பிரிட்டனின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய மூன்று ஊர்களில் பொது இடத்துச் சண்டைகள் பதிவான 219 கண்காணிப்புக் கேமராக் காட்சிகளை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளுக்கு மேல், சரியாகச் சொன்னால் 91 சதவீதத்தில், பக்கத்தில் நின்ற ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் கூடக்கூட யாராவது ஒருவர் குறுக்கே புகுவதற்கான வாய்ப்பும் கூடியது. அப்படியானால் 1968-ல் கண்டது பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தயங்குவது வேறு, பலரில் யாரோ ஒருவர் முந்திக்கொள்வது வேறு. அதோடு, இன்டர்காம் அறையில் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. தெருவில் தெரியும். ஒருவர் ஓர் அடி முன்னே வைத்தால் அடுத்தவரும் வைப்பார்.

அடுத்தவர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்யும் இந்தக் குணத்தைப் பொருளியல் சோதனைகளிலும் காணலாம். நான்கு பேருக்கு ஆளுக்குக் கொஞ்சம் தொகை கொடுத்துவிடுவார்கள். பொது உண்டியலில் எவ்வளவு போடுவது என்பது அவரவர் விருப்பம். உண்டியலில் விழுந்ததைப் பெருக்கி எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பார்கள், போடாதவருக்கும் சேர்த்து. தொடக்கத்தில் கையிலிருப்பதில் ஏறக்குறைய பாதியை மக்கள் போடுகிறார்கள். சுற்றுகள் போகப்போக அது தேய்ந்து கடைசியில் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஏன் தேய்கிறது என்பதை ஃபிஷ்பாகர், கெஷ்டர், ஃபேர் என்ற மூவர் 2001-ல் வெளியிட்ட சோதனை ஒன்று கொஞ்சம் விளக்கியது. கலந்துகொண்டவர்களில் பாதிப் பேர், மற்றவர்கள் எவ்வளவு போடுகிறார்களோ அதைப் பார்த்துத் தாமும் போடுகிறவர்கள். யார் என்ன போட்டாலும் தான் ஒன்றும் போடாமல் வாங்கிக்கொள்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பாதிப் பேர், இவர்களைப் பார்த்துப் பார்த்து மெல்லக் கையை இழுத்துக்கொள்கிறார்கள்.

சங்கத்தில் இருந்தபோது இதை நான் கண்ணால் பார்த்தேன். சந்தா கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்றார் ஒருவர். கட்டியவர்களின் பட்டியலை ஒட்டுவோம் என்றார் ஒரு வயதான அம்மா, ஓய்வுபெற்ற கணக்காசிரியை. அவர் சொன்னபடியே செய்தோம். யாரையும் அவமானப்படுத்தாமலே, முக்கால்வாசிப் பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்ற செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவரை ‘யார் சார் கட்டுறாங்க, எல்லாரும் ஏமாத்துறாங்க’ என்றே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

1968 இன்னொரு விதத்திலும் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டுதான் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஒரு கட்டுரையில், பொது மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று வாதிட்டார். ஒவ்வொருவரும் தனக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டால் லாபம் தனக்கு, நட்டம் எல்லோருக்கும். ஆகவே எல்லோரும் விடுவார்கள், புல் போய்விடும். தனியாருக்குக் கொடு, இல்லையேல் அரசு எடுத்துக்கொள்ளட்டும் என்பதாகத்தான் அந்தக் கட்டுரையைப் பலரும் புரிந்துகொண்டார்கள். காகிதத்தில் அது அசைக்க முடியாத கணக்குதான்.

ஆனால் ஸ்விட்சர்லாந்தின் தொர்பெல் என்ற மலைக்கிராமம் 1517-லேயே இதற்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தது. குளிர்காலம் முழுக்க எத்தனை மாடுகளுக்கு உன்னால் தீனி போட முடியுமோ, அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். இந்த விதியில் எனக்குப் பிடித்தது, இதைச் சரிபார்க்க அதிகாரி தேவையில்லை என்பதுதான். பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் எத்தனை மாடு நிற்கிறது என்று ஊருக்கே தெரியும்.

இப்படிப்பட்ட ஊர்களை வாழ்நாளெல்லாம் தேடித் தேடி ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். அரசியல் அறிவியல் படித்தவர். 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். மீன்பிடித் துறை, காடு, மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால் என்று அவர் போகாத இடமில்லை. நீடித்து நின்ற ஏற்பாடுகளில் எல்லாம் சில சங்கதிகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. யாருக்குப் பங்கு உண்டு என்பதில் தெளிவு இருந்தது. விதியை அதன்படி நடக்க வேண்டியவர்களே சேர்ந்து வகுத்திருந்தார்கள். கண்காணிப்பவரும் அவர்களில் ஒருவரே, இல்லையென்றால் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். முதல் முறை தவறினால் லேசான தண்டனை, திரும்பத் திரும்பத் தவறினால் கனமானது. சச்சரவு வந்தால் பக்கத்திலேயே, செலவில்லாமல் தீர்த்துக்கொள்ள ஓர் இடம். ஸ்பெயினின் வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூடும் நீர் நடுவர் மன்றம் அப்படிப்பட்டதுதான். நடுவர்கள் பாசனக்காரர்களே தேர்ந்தெடுத்த விவசாயிகள். வக்கீல் வாதம் இல்லை, எல்லாம் வாய்மொழி விசாரணை, அங்கேயே தீர்ப்பு.

ஆஸ்ட்ரமும் அவரோடு பணியாற்றியவர்களும் நேபாளத்தில் கண்டது இதைவிடச் சுவையானது. அங்கே விவசாயிகளே வெட்டிப் பராமரித்துவந்த வாய்க்கால்கள் ஏராளம். ஆற்றின் குறுக்கே கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டு ஒரு தடுப்பு, அதுதான் அவர்களுடைய அணை. வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் வடிந்ததும் ஊரே திரண்டு மறுபடி கட்டும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது வீண் உழைப்பு. உதவிப் பணமும் பொறியாளர்களும் வந்து, உடையாத கான்கிரீட் அணையும் சிமெண்ட் பூசிய வாய்க்காலும் கட்டிக் கொடுத்தார்கள். கட்டுமானத்தைப் பார்த்தால் புதியதுதான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் இருவகைப் பாசனத்தையும் ஒப்பிட்டு அளந்தபோது, கடைமடை வரை தண்ணீர் கொண்டுசேர்ப்பதில் விவசாயிகள் தாமே நடத்திய கரடுமுரடான வாய்க்கால்கள்தான் பொதுவாக முன்னே நின்றன.

எப்படி? தலைமடைக்காரர் கை எப்போதும் ஓங்கியே இருக்கும். ஆற்றுக்குப் பக்கத்தில் நிலம், தண்ணீர் முதலில் அவருக்கு. மடையை அடைக்காமல் விட்டால் கடைமடைக்காரர் வயல் காய வேண்டியதுதான். அவரைக் கட்டிப்போட்டது எது என்றால், வெள்ளத்தில் உடைந்த அந்தத் தடுப்புதான். அதைத் தலைமடைக்காரர்கள் மட்டும் கட்டிவிட முடியாது, ஆள் பற்றாது. கடைமடையிலிருந்து ஆள் வர வேண்டும். தண்ணீர் கொடுக்காமல் ஆளை மட்டும் கூப்பிட்டால் யார் வருவார்கள்? ஆக ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஒரு பேரம் புதுப்பிக்கப்பட்டது: நீ மண் சுமக்க வா, நான் மடையை அடைக்கிறேன். உடையாத அணை வந்ததும் தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரர் தயவு தேவையில்லாமல் போனது. பேச்சும் நின்றது, தண்ணீரும் நின்றது.

கான்கிரீட்டே கூடாது என்று யாரும் இதைப் படித்துவிட வேண்டாம். பொறியாளர்கள் வருவதற்கு முன்னால் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். எனக்கு இதில் பிடிபடுவது வேறொன்று. ஆண்டுதோறும் வரும் அந்தத் தொல்லை பிடித்த பராமரிப்பு வேலைதான் ஊரை ஊராக வைத்திருந்திருக்கிறது. நாம் ஒழித்துக்கட்டத் துடிக்கிற அதே சலிப்பான வேலை. சேர்ந்து செய்ய எதுவுமே மிச்சமில்லாத ஓர் இடத்தில், கட்டணம் கட்டினால் எல்லாம் தானாக நடந்துவிடுகிற ஒரு குடியிருப்பில், ஒருவருக்கொருவர் எதற்காக விட்டுக்கொடுப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சரி, எல்லாவற்றையும் மக்களே செய்துகொள்வதென்றால் வரி எதற்கு, அரசு எதற்கு என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. தன்னார்வலர்களைப் பாராட்டிக்கொண்டே தன் வேலையை அவர்கள் தலையில் கட்டுகிற நிர்வாகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. சாக்கடையை அடைப்பெடுக்க மாநகராட்சிக்கு நாம் வரி கட்டுகிறோம், மண்வெட்டியோடு நாமே இறங்குவது எப்போதும் நற்செயல் ஆகிவிடாது. சில நேரம், அடைப்பு எத்தனை நாளாக இருக்கிறது என்று தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு விடாமல் கேட்பதுதான் பொது வேலை. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது.

1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி, ஒருசில வாரங்களில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பிராட் தெருவிலிருந்த அடிகுழாய்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கணித்தார். செப்டம்பர் 7 அன்று உள்ளூர் நிர்வாகக் குழுவிடம் போய்ச் சொன்னார். மறுநாள் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இந்த அளவு பலருக்கும் தெரியும். ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் அந்தப் பகுதித் தேவாலயத்தில் உதவிக் குருவாக இருந்தார். ஸ்னோ சொல்வது தவறு என்று நினைத்தார், அதை நிரூபிக்கவே வீடு வீடாகப் போனார். யார் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை, யார் பிழைத்தார்கள் என்று ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். துக்கத்தில் இருப்பவர்களிடம் இதைக் கேட்பதற்கு முன்பழக்கம் வேண்டும். அவருக்கு அந்தத் தெருக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருந்தது. மருத்துவருக்கு அது கிடையாது. கணக்கு கூடக்கூட, ஸ்னோ சொன்னதுதான் சரி என்று அவரே ஏற்றுக்கொள்ளும்படி ஆயிற்று.

1855-ல், கொள்ளைநோய் ஓய்ந்து எல்லோரும் மறந்துகொண்டிருந்த நேரத்தில், இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த வைட்ஹெட் கண்ணில் ஒரு கைக்குழந்தையின் மரணம் பட்டது. குழாய்க்கு மிக அருகிலிருந்த வீடு. தாயைப் போய்க் கேட்டார். குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்னாலிருந்த கழிவுக்குழியில் கொட்டியதாக அவள் சொன்னாள். தோண்டிப் பார்த்தால், இடிந்துபோன அந்தக் குழியிலிருந்து கழிவு, அடிகுழாய்க்குத் தண்ணீர் தந்த பக்கத்துக் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. குழந்தையின் தந்தையும் கைப்பிடி கழற்றப்பட்ட அதே செப்டம்பர் 8-ல்தான் நோயில் விழுந்திருந்தார். கைப்பிடி இருந்திருந்தால், இரண்டாம் முறையும் நஞ்சான கிணற்றுத் தண்ணீரைத் தெரு குடித்திருக்கும். கைப்பிடியைக் கழற்றும் அதிகாரம் குழுவிடம்தான் இருந்தது, வைட்ஹெட்டிடம் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்ததுதான் அவர் செய்த வேலை.

அபராதம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த சோதனையை நீஸி, ருஸ்டிகினி என்ற இருவர் 2000-ல் வெளியிட்டார்கள். குழந்தையைத் தாமதமாக அழைத்துப் போகும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. காத்திருக்கும் ஆசிரியைக்குச் சங்கடம் கொடுக்கிறோமே என்ற உறுத்தல் போய், காசு கொடுத்து நேரம் வாங்குகிறோம் என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. உறுத்தலை விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது போலிருக்கிறது.

இனி, என் மனத்தாங்கல். பொது வேலையைக் கெடுப்பவர்களில் சோம்பேறிகளைவிடத் தியாகிகளே அதிகம் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வார். வங்கிக் கணக்கு அவர் பெயரில், கடிதப் போக்குவரத்து அவர் மின்னஞ்சலில், யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்பது அவர் தலைக்குள். ‘நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது’ என்பார், அதில் பொய் இல்லை, அப்படித்தான் அவர் அமைத்து வைத்திருக்கிறார். அவருக்கு உடம்பு முடியாமல் போகும் நாளில் பத்தாண்டு வேலையும் படுத்துவிடும். அவரைவிட, சுமாராக வேலை செய்து, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, இரண்டு வருடத்தில் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறவரையே நான் விரும்புவேன். முறை வைத்து மாற்றிக்கொள்ளும் பொறுப்பில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு முறை செயலாளராக இருந்தவர் அதன் பிறகு செயலாளரைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.

யார் வர முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை’ என்று சலித்துக்கொள்ளும் அமைப்புகள் கூட்டத்தை எந்த நேரத்தில் வைக்கின்றன என்று பாருங்கள். வார நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள். மாலை ஏழு மணிக்கு வைத்தால் அடுப்படியில் நிற்பவர்கள் வர மாட்டார்கள், பெரும்பாலும் பெண்கள். அன்றாடக் கூலிக்காரர் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நிழற்குடை எங்கே வைப்பது என்று விவாதிக்க முடியாது. வராதவர்களுக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பு எழுதுவது சுலபம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்து ஒரு கூட்டம் நடத்திப் பார்த்தால் வேறு முகங்கள் தென்படும்.

பழைய ஏதென்ஸ்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. பெண்களையும் அடிமைகளையும் வெளியூர்க்காரர்களையும் ஒதுக்கிவிட்டு நடத்திய மக்களாட்சிதான் அது. அப்படியும், இருந்த குடிமக்களையே அவைக்கு வரவைக்க முடியவில்லை. செந்நிறச் சாயம் தோய்த்த கயிற்றைச் சந்தை மைதானத்தின் குறுக்கே பிடித்து, அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களை அவையை நோக்கி ஓட்டினார்கள். சட்டையில் சாயம் பட்டவன் மாட்டிக்கொண்டான். நீதிமன்றத்தில் நடுவராக உட்காருபவர்களுக்கு, ஏதென்ஸின் தலைவராக இருந்த பெரிக்ளீஸ் காலத்திலேயே படி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கி.மு. 403-க்குப் பிறகு மக்கள் அவைக்கு வருபவர்களுக்கும் படி வந்தது. முதலில் ஓர் ஓபல் என்ற சிறு வெள்ளிக்காசு, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. காசுக்காக வருகிறார்கள் என்று வசதியானவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் தாமதமாக வந்தால் படி கிடையாது என்று வைத்திருந்ததால், கயிறு போட்டு இழுத்துவர வேண்டியிருந்த அவைக்கு ஆட்கள் விடியும் முன்னே எழுந்து ஓடிவந்தார்கள்.